வண்டியும் ஒரு கிடங்குதான்: சர்வீஸ் மென்பொருளில் ஸ்பேர் இருப்பு ஏன் உதைக்கிறது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பம்ப்செட், மோட்டார் சர்வீஸ் தொழில். கிடங்கு ஒன்று, வண்டி 3, மெக்கானிக் 7 பேர். புகார் பதிவு, வேலைச் சீட்டு, பில், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் ஒரே சர்வீஸ் மென்பொருளில் ஓடுகின்றன. ஸ்டாக் பகுதியும் அதிலேயே இருக்கிறது. ஆனால் திரையில் 12 பேரிங் என்று காட்டினால் அடுக்கில் 4 தான் இருக்கிறது. திரையில் ‘இல்லை’ என்று வரும் சீல் மூலையில் கிடக்கிறது. மென்பொருளை மாற்றுவதா, ஸ்டோர் ஆளை மாற்றுவதா என்பது உங்கள் கேள்வி.

இரண்டையும் மாற்ற வேண்டாம். கும்பகோணத்தில் இதே தொழிலில் 16 வருடம் ஸ்டோர் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு டெல்டாவில் சில கடைகளுக்கு இந்த மாதிரி மென்பொருளில் கிடங்கை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். கணக்கு உதைத்த கடைகளில் நான் கண்ட காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மென்பொருளுக்குத் தெரிந்த இடம் ஒன்று, பொருள் உண்மையில் இருக்கிற இடம் ஆறேழு.

உங்கள் மென்பொருளில் ‘குடோன்’ என்று ஒரே பெயர்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு 6205 பேரிங் (6205 என்பது அதன் அளவைக் குறிக்கும் எண்) உங்கள் தொழிலுக்குள் எங்கெல்லாம் இருக்க முடியும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடுக்கில் இருக்கலாம். வண்டியின் பின்பெட்டியில் இருக்கலாம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மெக்கானிக் டூல்ஸ் பையில் போட்டு வைத்ததாக இருக்கலாம். பட்டறை மேசையில், பாதி கழற்றிய மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கலாம். கோவையிலிருந்து வந்து பார்சல் ஆபீசில் இறங்கி, எடுக்க ஆள் போகாமல் இருக்கலாம். வாரண்டியில் புதியது போட்டுவிட்டு, கம்பெனி ஆள் வந்து பார்க்கட்டும் என்று எடுத்து வைத்த பழசாகவும் இருக்கலாம். இதில் முதல் இடத்துக்கு மட்டுமே மென்பொருளில் பெயர் உண்டு. பெயர் இல்லாத இடத்துக்குப் போகும் பொருளை ஸ்டோர்காரர் ‘செலவு’ என்று எழுதுவார், இல்லையென்றால் எழுதாமல் விடுவார். செலவு என்று எழுதினால் பொருள் இருக்கும், கணக்கில் இருக்காது. எழுதாமல் விட்டால் கணக்கில் இருக்கும், அடுக்கில் இருக்காது. நீங்கள் சொன்ன இரண்டு புகாரும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஆகவே முதல் வேலை, மூன்று வண்டியையும் மூன்று தனிக் கிடங்காக மென்பொருளில் திறப்பது. பட்டறை ஒன்று, வாரண்டி அடுக்கு ஒன்று, ‘வழியில்’ என்று ஒன்று. இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. டேலியில் இந்த இடங்களுக்குப் பெயரே குடோன்தான். எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். ஈஆர்பி நெக்ஸ்ட் என்ற மென்பொருளில் ஒரு கிடங்குக்குக் கீழே இன்னொன்று என்று மரம்போலக் கிளை பிரிக்கலாம். ஓடூ என்ற மென்பொருளில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் போகிறது. அங்கே சப்ளையரும் ஓர் இடம், வாடிக்கையாளரும் ஓர் இடம், எண்ணும்போது குறைந்துபோனது கூட ஓர் இடம். எந்தப் பொருளும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத்தான் போக முடியும். பற்று வரவு எழுதத் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். உங்கள் மென்பொருள் எதுவானாலும் அமைப்புப் பக்கத்தில் கிடங்கு, இடம், லொகேஷன் என்று ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி இருக்கும். இல்லவே இல்லை என்றால் அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வண்டிக்குப் பொருள் ஏற்றுவது இனி ‘இடமாற்றம்’. காலையில் ஸ்டோர்காரர் குடோனிலிருந்து வண்டி 2-க்கு என்று பதிவு போடுகிறார், மெக்கானிக் தன் போனில் ‘பெற்றேன்’ என்று அழுத்துகிறார். இந்த இரண்டாவது அழுத்தலை விட்டுவிடாதீர்கள். கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையும் பட்டால்தான் பின்னால் பேச்சு வராது. கீழப்பாலத்துப் பக்கம் ஒரு வயலில் பேரிங் மாற்றியதும் வேலைச் சீட்டில் அது செலவாகிறது. கழிவது வண்டி 2-இன் இருப்பிலிருந்து, குடோனிலிருந்து கழியாது. மெக்கானிக் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அவர் வண்டியில் இருப்பவை மட்டுமே தெரியும்படி அமைத்துவிடுங்கள். 2,000 பொருள் உள்ள முழுப் பட்டியலைக் கொடுத்தால் சேற்றுக் கையோடு நிற்பவர் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டுப் போவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே இன்னொன்று. திரையில் தெரியும் இருப்பு எண்ணுக்குள் இரண்டு எண் ஒளிந்திருக்கிறது: கையில் இருப்பது, கொடுக்க முடிவது. போனில் பேசும் பெண் ‘4 மெக்கானிக்கல் சீல் இருக்கு, நாளைக்கே வந்து மாத்திடுவாங்க’ என்று நீடாமங்கலம் வாடிக்கையாளருக்குச் சொல்கிறார். அந்த 4-இல் 3 ஏற்கெனவே ஒப்பந்த வாடிக்கையாளர்களின் வேலைச் சீட்டில் ஒதுக்கப்பட்டவை. போனில் பேசும் அந்தப் பெண்ணுக்கு ‘கொடுக்க முடிவது’ என்ற எண்தான் தெரிய வேண்டும். அதேபோல ஒதுக்கீட்டுக்குக் காலக்கெடு வையுங்கள். 3 நாளில் வேலை தொடங்கவில்லை என்றால் ஒதுக்கீடு தானாக அவிழ வேண்டும். இல்லாவிட்டால் ரத்தான வேலைகளின் பெயரில் பாதிச் சரக்கு கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும்; ‘ஸ்டாக் இல்லை’ என்று புதிதாக வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

மைனஸ் இருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களிடமும் இருக்கும். சாயந்திரம் பார்சல் ஆபீசில் பெட்டி இறங்குகிறது. அவசர வேலை, மெக்கானிக் நேராக அங்கேயே போய்ப் பெட்டியைப் பிரித்து ஒரு ஸ்டார்ட்டர் ரிலேவை எடுத்துப் போகிறார். வேலை முடிகிறது, சீட்டில் ரிலே செலவு. சரக்கு வரவோ மறுநாள் மத்தியானம்தான் பதிவாகிறது. இடையில் இருப்பு -1. சில மென்பொருள் எச்சரித்துவிட்டு விட்டுவிடும், சில தடுத்துவிடும். ஈஆர்பி நெக்ஸ்டில் மைனஸை அனுமதிக்கும் தேர்வை நாமே போய்த் திறந்தால்தான் திறக்கும். வேலை தடைபடுகிறதே என்று திறந்து வைத்துவிடுவார்கள். என் உறுதியான கருத்து: மூடியே வையுங்கள். இருப்பே இல்லாத பொருளைச் செலவு எழுதும்போது அதன் அடக்க விலை என்ன என்று மென்பொருளுக்குத் தெரியாது. பழைய விலையிலோ பூஜ்யத்திலோ போட்டுவிடும். அந்த வேலையில் லாபமா நஷ்டமா என்ற கணக்கு அங்கேயே கெட்டுவிடுகிறது. அதற்குப் பதில், பார்சல் ஆபீசில் பெட்டி பிரிப்பவருக்குப் போனிலேயே சரக்கு வரவு போடும் உரிமையைக் கொடுங்கள். விலை பிறகு சேரட்டும், எண்ணிக்கை அப்போதே ஏறட்டும்.

அடுத்தது பெயர். உங்கள் பொருள் பட்டியலைத் திறந்து ‘பேரிங்’ என்று தேடிப் பாருங்கள். ஒரே பொருள் ‘6205’ என்றும், ‘பேரிங் 6205’ என்றும், ‘25 எம்எம் பேரிங்’ என்றும், ‘மோட்டார் பேரிங் சின்னது’ என்றும் நான்கு பெயரில் இருந்தால் நான்கு இருப்பு ஓடும், நான்கும் தவறாக இருக்கும். இதில் ‘25 எம்எம் பேரிங்’ என்பது ஆபத்தான பெயர். 6205-க்கும் 6305-க்கும் உள்துளை 25 மில்லிமீட்டர்தான். ஆனால் 6205-இன் வெளிவிட்டம் 52, அகலம் 15. 6305-இன் வெளிவிட்டம் 62, அகலம் 17. ஷாஃப்ட்டில் ஏறிவிடும், மூடியில் உட்காராது. 20 கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். அதேபோல 6205 இசட்இசட் என்பது தகரத் தடுப்பு, 6205 2ஆர்எஸ் என்பது ரப்பர் சீல். தண்ணீரும் சேறும் படுகிற இடத்துக்கு எது போகிறது என்பதை மெக்கானிக் அறிவார். ஆகவே இரண்டும் தனிப் பொருளாகத்தான் இருக்க வேண்டும். எண்ணை முதலில் எழுதுங்கள், வகையைப் பிறகு, எந்த மோட்டாருக்கு என்பதைக் குறிப்பில். பட்டறையில் புழங்கும் பெயர்களை மாற்றுப்பெயர் பெட்டியில் தமிழிலேயே போட்டுவிட்டால் தேடும்போது கிடைக்கும். பட்டறையில் யாரும் பெயரை மாற்றிப் பேச வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கணக்கில் அதிகப் பணம் நழுவுவது இங்கேதான். பேரிங்கை எண்ணலாம். கேபிளைச் சுருளாக வாங்குகிறோம், மீட்டராகச் செலவழிக்கிறோம். வைண்டிங் கம்பியைக் கிலோவில் வாங்கி கிராமில் செலவழிக்கிறோம். கிரீஸ் வாளியில் வருகிறது, விரலால் போகிறது. வாங்கும் அளவு, வைத்திருக்கும் அளவு, செலவழிக்கும் அளவு மூன்றையும் மென்பொருளில் தனித்தனியே கொடுத்து, ஒன்றுக்கொன்று எத்தனை என்பதை ஒருமுறை பதிந்துவிட வேண்டும். ‘1 சுருள் = 100 மீட்டர்’ என்று போடாமல் விட்டதால், 6 மீட்டர் வெட்டியதற்கு 6 சுருள் கழிந்த கணக்கை நான் திருத்தியிருக்கிறேன்.

கேபிளில் இன்னொரு நுணுக்கம். திரையில் 40 மீட்டர் என்று இருக்கும். அடுக்கில் அது 8 மீட்டர் துண்டு 5. நீர்மூழ்கி மோட்டாருக்கு 35 மீட்டர் ஒரே நீளமாக வேண்டும் என்றால் உங்களிடம் கேபிள் இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு தொகுதி எண் கொடுத்து, வெட்டுவதை அந்தச் சுருளிலிருந்தே கழியுங்கள். 10 மீட்டருக்குக் கீழே போன துண்டுகளை ‘துண்டு கேபிள்’ என்ற தனிப் பொருளுக்கு மாற்றிவிடுங்கள். மேலே ஸ்டார்ட்டர் பக்கத்து வேலைகளுக்கு அது ஆகும்.

கம்பிக்கு எடைதான் கணக்கு. ரீல் போகும்போது ஓர் எடை, திரும்பி வரும்போது ஓர் எடை, வித்தியாசம் அந்த மோட்டாரின் செலவு. வெறும் ரீலின் எடையைத் தனியாக எழுதி ஒட்டி வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நினைவுக்கு வரும். ராஜராஜன் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து எழுதினார்கள். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். நகையில் எத்தனை முத்து, கோத்த நூலும் ஒட்டிய அரக்கும் எடையில் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கூட கல்லில் வெட்டி வைத்தார்கள். எந்த அளவையால் அளந்தோம், எதைச் சேர்த்து அளந்தோம் என்ற இரண்டும் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு அது பயன்படாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பட்டறையில் ஒரே தராசு இருக்கட்டும். கடைத் தராசில் வாங்கி, பட்டறைத் தராசில் செலவெழுதினால் மாதம் முடியும்போது வரும் வித்தியாசத்துக்கு யாரைக் கேட்பது?

எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய பழைய செம்புக் கம்பிக்கும் ஒரு பொருள் பெயர் வேண்டும். நம் பக்கம் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடி, வோல்டேஜ் இறங்கி, காயில் எரிவது சாதாரணம். சீசனில் மூட்டைக் கணக்கில் பழைய செம்பு சேரும். அது விவசாயிக்குத் திரும்பப் போகிறதா, ரீவைண்டிங் கூலியில் கழிகிறதா என்பதை வேலைச் சீட்டில் முதலிலேயே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நம்மிடம் தங்கினால் எடை போட்டு ‘பழைய செம்பு’ கணக்கில் வரவு. செம்பு விலை தெரிந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழுதுக்கு வந்த மோட்டார் உங்கள் சொத்து இல்லை, ஆனால் உங்கள் பொறுப்பு. அதையும் மென்பொருளில் வாடிக்கையாளர் பொருள் என்று பூஜ்ய மதிப்பில் வரவு வையுங்கள். தொடர் எண், குதிரைத்திறன், வரும்போது இருந்த நிலையின் படம். மோட்டாரின் மேல் பெயின்ட் பேனாவால் வேலைச் சீட்டு எண்ணை எழுதுங்கள், காகித அட்டை எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும். புதிய மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு ஆகியவற்றுக்கும் தொடர் எண் கட்டாயம், வாரண்டி அதை வைத்துத்தான் ஓடும். பேரிங்குக்கும் ஃபுட் வால்வுக்கும் தொடர் எண் போட உட்காராதீர்கள். ஒரு வாரத்தில் எல்லோரும் அலுத்து விட்டுவிடுவார்கள், அவசியமானதும் சேர்ந்து போகும்.

இப்போது மறு ஆர்டர் அளவு. மென்பொருள் கடந்த 12 மாதச் செலவைக் கூட்டி, வகுத்து, ‘இத்தனைக்குக் கீழே போனால் வாங்கு’ என்று ஒரு எண்ணைத் தரும். டெல்டாவில் அந்த எண் வருடம் முழுக்கத் தவறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. குறுவை நாற்றங்கால் அதற்கு முன்பே ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) தண்ணீரில் தொடங்கிவிடும். மே மாதத்தில் மோட்டார்கள் ஓய்வில்லாமல் ஓடும். அதுவும் நிலையான தேதி இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. குறுவை போட்டவர்கள் முழுக்க முழுக்க போர்வெல் தண்ணீரை நம்பினார்கள். அந்த மாதிரி வருடத்தில் பேரிங், சீல், கெப்பாசிட்டர் தேவை ஜூலை வரை இறங்காது. அப்புறம் வடகிழக்குப் பருவமழை இறங்கி வயலில் தண்ணீர் நின்றால் மோட்டார் வேலை சுருங்கி, தண்ணீரை வெளியே இறைக்கும் ஆயில் இன்ஜின் வேலை ஏறும். பொருளே மாறிவிடுகிறது.

கணக்கு எளியது: ஒரு நாள் செலவை ஆர்டர் போட்டுச் சரக்கு வந்துசேரும் நாளால் பெருக்கி, அதோடு கைக்காப்பு, அதாவது தாமதமானால் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் இருப்பு. உதாரணத்துக்கு ஒரு பேரிங் சாதாரண நாளில் 1 போகிறது, கோவையிலிருந்து வர 3 நாள், கைக்காப்பு 4 என்றால் 7 வந்ததும் ஆர்டர். மே மாதம் நாளுக்கு 4 போகிறது, கோவையிலும் எல்லோரும் கேட்பதால் 4 நாள் தாமதமாகலாம் என்று வைத்தால் 12-உம் 16-உம் சேர்ந்து 28. ஒரே பொருளுக்கு 7, 28 என்று இரண்டு எண். மென்பொருளில் பருவத்துக்கு ஓர் எண் வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை, முக்கியமான 60, 70 பொருளுக்குக் கையாலேயே மாற்றுங்கள். எல்லாப் பொருளுக்கும் செய்ய வேண்டியதில்லை. மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. முழுக் கொள்ளளவு 120 அடி. மே முதல் வாரத்தில் அது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிற ஸ்டோர்காரர்தான் என்னைக் கேட்டால் நல்ல ஸ்டோர்காரர்.

மழையும் புயலும் நம் கிடங்குக்கு எப்போதும் ஒரு பங்காளி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா கரையைக் கடந்தபோது மின்சாரம் போய், பல ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. ஜெனரேட்டர் பழுது பார்க்க ஆள் அனுப்பி மாளவில்லை. மென்பொருள் திறக்க வழியில்லை. அன்று நாங்கள் பிழைத்தது வரிசை எண் அச்சிட்ட ஒரு சீட்டுப் புத்தகத்தால். பொருள் வெளியே போனால் ஒரு சீட்டு, திரும்பி வந்தால் ஒரு சீட்டு. மின்சாரம் வந்த பிறகு 1-ஆம் எண்ணிலிருந்து வரிசையாக ஏற்றினோம். விடுபட்ட எண் இருந்தால் உடனே தெரிந்தது. அந்த மாதிரிப் புத்தகம் ஒன்று உங்கள் குடோனிலும், வண்டிக்கு ஒன்று வீதமும் இன்றைக்கே இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஊர்களுக்கும் அது ஆகும். போன் செயலி இணையம் இல்லாமல் பதிந்து பிறகு ஏற்றும் வகை என்றால், பொருள் செலவான நேரத்தை அது பதிகிறதா, ஏற்றிய நேரத்தைப் பதிகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏற்றிய நேரம் என்றால் நேற்றைய வேலை இன்றைய கணக்கில் விழும், எண்ணும் நாளில் தேவையில்லாத வித்தியாசம் காட்டும். அடுக்கின் கடைசித் தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். கெப்பாசிட்டர், பேனல் போர்டு எதுவும் கீழ்த்தட்டில் வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 31 அன்று எல்லாவற்றையும் எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். தினமும் கொஞ்சம் எண்ணுங்கள். அதிகம் நகர்வது, விலை கூடியது இரண்டையும் வாரம் ஒருமுறை. மற்றவை மூன்று மாதத்தில் ஒரு சுற்று. எண்ணும் தாளில் மென்பொருள் இருப்பை அச்சிடாதீர்கள். ‘12’ என்று எழுதியிருந்தால் 11-ஐ எண்ணியவர்கூட இன்னொன்று எங்கேயாவது இருக்கும் என்று 12 போட்டுவிடுவார். வித்தியாசம் வந்தால் இருப்பைத் திருத்துவதற்கு முன் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: இடமாற்றம் பதியவில்லை, வரவு பதியவில்லை, அளவு மாறியது, பெயர் மாறியது, காரணம் தெரியவில்லை. ஒரு மாதம் சேர்ந்த பிறகு அந்தக் காரணப் பட்டியலைப் பாருங்கள். எந்த வண்டியில், எந்தக் கிழமையில், எந்த வகைப் பொருளில் என்று அதுவே காட்டிவிடும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியில் குறைந்த பொருளின் விலையை மெக்கானிக் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். வண்டியைக் கிடங்காக்கியதும் முதலாளிகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படித் தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில் வண்டிக் கணக்கு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. காரணம், தம்பிகள் எல்லோரும் எங்காவது ஒரு பொருளைக் கூடுதலாக வாடிக்கையாளர் சீட்டில் எழுதித் தங்கள் வண்டியைச் சரிக்கட்டிக்கொண்டார்கள். போடாத சீலுக்கு விவசாயி காசு கொடுத்தார். ஒருவர் பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கடைக்கே வந்து கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அந்த மனிதர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு குறைவுக்குக் காரணம் கேட்பதோடு நிறுத்தினோம், பிடித்தம் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொன்னவரை யாரும் ஏசவும் கூடாது என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ‘அண்ணே, ஒரு கெப்பாசிட்டர் வாய்க்காலில் விழுந்துடுச்சு’ என்று தானாக வந்து சொல்லும் நிலை வர ஆறு மாதம் ஆனது. வந்த பிறகு கணக்கு மெய்யாகவே ஒத்துப்போகத் தொடங்கியது. திருட்டு என்று சந்தேகம் வலுத்தால் அதைத் தனியாக விசாரியுங்கள்.

ஜிஎஸ்டி பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை உங்கள் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கிடங்கு வேறு முகவரியில் இருந்தால் பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்திருக்க வேண்டும். வரவு, செலவு, தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, இலவசமாகக் கொடுத்தது, ஸ்கிராப் எல்லாவற்றுக்கும் இருப்புக் கணக்கு வைக்கச் சொல்கிறது விதி 56. தொலைந்த, அழிந்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்ப வேண்டும்; அதனால்தான் ‘காரணம்’ பெட்டி வெறும் ஒழுங்குக்காக இல்லை. வண்டியில் விற்பனை ஆகாத சரக்கு போகும்போது டெலிவரி சலான் கையில் இருக்கட்டும், இடமாற்றப் பதிவிலிருந்தே அதை அச்சிடும்படி பல மென்பொருளில் அமைக்கலாம். பதிவேடுகளை ஆண்டு விவரம் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், ஆகவே மென்பொருளை மாற்றினாலும் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடக்க விலைக்கு முதலில் வந்தது முதலில் போவது, அல்லது எடைச் சராசரி (வாங்கிய எண்ணிக்கைக்கு ஏற்ற சராசரி விலை), இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். உங்கள் மாதிரிக் கடைக்கு எடைச் சராசரி போதும் என்பேன்.

பார்கோடு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆறு மாதம் கழித்து. பெயரும் இடமும் சரியாகாத பட்டியலுக்கு ஸ்டிக்கர் அடித்தால் தவறையே வேகமாகப் பதிவோம். முதலில் அடுக்குகளுக்கு எண் எழுதுங்கள்: வரிசை, தட்டு, பெட்டி. 2-3-5 என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை போக வேண்டும்.

எப்போது தொடங்குவது? கணக்காளர் மார்ச் 31 என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குள் கோடை நெல்லுக்கும் பருத்திக்கும் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும், உங்கள் ஆட்கள் வயலில் இருப்பார்கள். தை கடைசி, மாசி முதல் வாரம் சரியான நேரம். சம்பா அறுவடை நடக்கும், வயலுக்குத் தண்ணீர் கட்ட மாட்டார்கள், மோட்டாருக்கு ஓய்வு. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். சனிக்கிழமை இரவுக்குள் திறந்திருக்கும் எல்லா வேலைச் சீட்டுக்கும் பொருள் பதிவை முடித்து, வாங்கிய பில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். ஞாயிறு காலை மூன்று வண்டியும் குடோன் வாசலுக்கு வரட்டும், டூல்ஸ் பை உட்பட எல்லாம் கீழே இறங்கட்டும். பையில் இருப்பதைப் பற்றி அன்று எந்தக் கேள்வியும் கேட்கப்பட மாட்டாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இருவர் இருவராக எண்ணுங்கள்; ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. எந்த மெக்கானிக்கும் தன் வண்டியைத் தானே எண்ண வேண்டாம். எண்ணிய பெட்டிக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. இரண்டு வருடமாக அசையாத பொருளைத் தனியே ஒதுக்குங்கள், அதை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம். மாலைக்குள் எண்ணிக்கையைத் தொடக்க இருப்பாக ஏற்றி, வண்டிக்கு வண்டி தேவையானதை மட்டும் இடமாற்றப் பதிவோடு ஏற்றி அனுப்புங்கள். திங்கள்கிழமை காலை முதல் வண்டி புறப்படும்போது ஸ்டோர்காரரோடு நீங்களும் வாசலில் நில்லுங்கள். மெக்கானிக் போனில் ‘பெற்றேன்’ அழுத்திய பிறகு வண்டி நகரட்டும். முதல் இரண்டு வாரம் மட்டும் அப்படி நின்றால் போதும்.